மூடும்போது வரும் பிழை

மேனேஜர் கிருபாகரன் செய்தியின் கடைசியில் கைகூப்பியிருந்தார். அதுதான் செண்பகவடிவுக்கு இடித்தது. திட்டியிருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஜன்னலில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டிருப்பாள். கம்பெனி பஸ் மேடவாக்கத்தில் ஏற்றிச் சிறுசேரியில் இறக்குவதற்குள், மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட இந்தச் சாலையில், ஒரு தூக்கம் என்ன, கனவையும் கண்டு அதற்குப் பலனும் யோசித்து முடித்துவிடலாம். ஆனால் கும்பிடு. ‘குட் மார்னிங் வடிவு, அந்த டாக்குமென்ட் சேஞ்ச் இன்னைக்கு மீட்டிங்குக்கு முன்னாடி லைவ் ஆயிடும்ல?’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் அந்த மஞ்சள் இமோஜிக் கைகள். இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குக் காலை வணக்கம் சொன்னதாக நினைவில்லை. அந்த வேலையைப் பற்றி அவராக நல்லவிதமாக வாயைத் திறந்ததும் இல்லை. திறந்தால் ‘நம்ம வடிவோட சமூக சேவை’ என்பார், அவர் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவைக்க நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரும் சோறு தின்பதே ஒரு கணினி நிரல் மொழியில் எழுதித்தான். ஊர்பேர் தெரியாத யார் யாரோ சேர்ந்து அந்த மொழியைச் செய்து சும்மாவே கொடுத்திருக்கிறார்கள். அதோடு கூடவே வரும் ஆயத்தக் கருவிகளுக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்று பெயர். அந்தக் கருவிகளை எப்படிக் கையாள்வது என்று விளக்கும் பக்கங்களில் ஓட்டை உடைசல் பார்ப்பது வடிவு தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அதிலும் அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு இடம்: பிழை. எந்தக் கருவி எப்போது தோற்கும், தோற்றால் என்ன சொல்லும், அது சொன்னதும் நீ என்ன செய்யவேண்டும். யாருக்கும் பிடிக்காத இடம், ஆகவே கூட்டமில்லாத இடம். அதில் இவருக்கு என்ன திடீர் அக்கறை? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஏசி ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் அந்தச் செய்தியை மறுபடி படித்தாள்.

அவளுடைய பக்கம் ஃபைலை மூடுவதைப் பற்றியது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், மூடுவதற்கு என்ன விளக்கம், மூடினால் மூடியது. அப்படியில்லை. ஃபைலில் எழுது என்று சொன்னால் கணினி உடனே எழுதிவிடாது. சரி சரி என்று வாங்கி மடியில் கட்டிக்கொள்ளும். மூடு என்கிறபோதுதான் மிச்சத்தைக் கொண்டுபோய் டிஸ்க் என்கிற வட்டில் வைக்கும். அங்கே இடமில்லை என்றால் வைக்கமுடியவில்லை என்று திரும்பிவந்து சொல்லவும் செய்யும். பாவம், அது சொல்லத்தான் செய்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஏனென்றால் அந்த அதிகாரபூர்வப் பக்கத்தில் இத்தனை காலமும் கிடக்கிற எடுத்துக்காட்டே அதைக் கேட்கவில்லை. திற, எழுது, மூடு, ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் காட்டு, முடிந்தது. எடுத்துக்காட்டு சின்னதாக, பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும் என்று எவனோ பிழைச் சோதனையை வெட்டியிருக்கிறான். இந்தத் தொழிலில் யாரும் விளக்கத்தைப் படிப்பதில்லை. எடுத்துக்காட்டை அள்ளி எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, தங்கள் நிரலில் ஒட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். வடிவும் ஒட்டியிருக்கிறாள், கிருபாகரனும் ஒரு காலத்தில் ஒட்டியவர்தான். கூட வேலைபார்க்கும் ஏசுவடியான் அண்ணாச்சியும் அப்படித்தான் ஒட்டினார். அது ஒரு கூரியர் கம்பெனிக்காக எழுதிய நிரல். ஒருநாள் வட்டு நிரம்பிப்போனது. அன்று வந்த முகவரிகளையெல்லாம் நிரல் வாங்கிக்கொண்டது, ஃபைலை மூடியது, இடமில்லை என்று வந்த பதிலைக் காதில் வாங்காமல் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டியது. யாருக்குப் போகவேண்டும் என்று தெரியாமல் பார்சல்கள் குடோனிலேயே கிடந்தன. கிடந்தவற்றில் பாதி சேலத்து மாம்பழம். நாற்றம் பக்கத்துத் தெருவரை வந்த பிறகுதான் கூரியர்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது, அவர்கள் போட்ட கூச்சலில் இவர்களுக்குத் தெரிந்தது. அப்போதுதான் வடிவு அந்தப் பக்கத்தைத் திருத்தியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தாள்.

இன்று அந்த மாம்பழத்துக்குத்தான் மீட்டிங். தவறு நடந்தால் காரணம் கண்டுபிடிக்க இவர்கள் கூட்டம் போடுவார்கள். அதில் யார் பெயரையும் சொல்லக்கூடாது என்பது முறை. ஆளைக் குறை சொல்லாதே, அமைப்பைக் குறை சொல் என்று முதல் ஸ்லைடிலேயே போடுவார்கள். வடிவு இப்படிப்பட்ட கூட்டங்கள் நிறையப் பார்த்தவள். பெயரைச் சொல்லாமல் இருப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். ‘இந்த வரியை எழுதின டெவலப்பர்’ என்பார்கள், ‘அந்தத் தனிநபர்’ என்பார்கள், அறையில் எல்லாக் கண்ணும் ஒரே நாற்காலியைப் பார்க்கும். பெயரைச் சொல்லித் திட்டினால் மனிதன் பதிலாவது சொல்வான், தன் பெயரே வராத இடத்தில் அவன் எதற்கென்று எழுந்து நிற்பான்? ஏசுவடியான் காண்ட்ராக்ட்டில் இருப்பவர். நாற்பது தாண்டிய மனிதரை ஒரு கம்பெனி ஏற்கெனவே வெளியே தள்ள, வெகுகாலம் வேலையில்லாமல் இருந்து, இங்கே தொற்றிக்கொண்டவர். இந்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கவேண்டும். இன்றைய கூட்டத்தில் தப்பு யார் தலையில் விழுகிறதோ அதைப் பொறுத்து அவர் இருப்பார் அல்லது போவார். இது பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

சரி, அதற்கும் கும்பிடுக்கும் என்ன? ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஒன்றுமில்லாமல் இருக்கத்தான் அதிக வாய்ப்பு. தன் புத்தியைப் பற்றி வடிவுக்கே நல்ல அபிப்பிராயம் கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்து மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். கேஸை அணைத்தோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போன் போடுகிறவள். ‘உனக்குச் சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும் எதுக்குன்னு கேப்ப’ என்பான் அவள் புருஷன் சங்கரலிங்கம். அவன் சொல்வதும் நியாயம்தான். நஸ்ரின் விஷயத்தில் அப்படித்தானே ஆனது. சம்பள உயர்வு முடிவாகிற வாரத்தில் பக்கத்து சீட் நஸ்ரின் ஒரு டிபன் கேரியர் நிறையப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தாள். வடிவு அதைத் தின்றுகொண்டே, இவள் நம்மிடமிருந்து எதையோ பிடுங்கப் பார்க்கிறாள், நம் புராஜெக்ட்டில் கண் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது, நஸ்ரின் வேலையை விட்டுப் போகிறாள், போவதற்கு முன் பிடித்தவர்களுக்கெல்லாம் ஒருநாள் சமைத்துப் போட நினைத்திருக்கிறாள். அந்தப் பிரியாணியின் பட்டை வாசனை எங்கே வந்தாலும் வடிவுக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆகவே கிருபாகரனும் மனம் மாறியிருக்கலாம். மனிதர்கள் மாறுவதில்லையா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார் போன வாரம், அதில் கொஞ்சம் இளகியிருக்கலாம். ஆனால் இளகினால் எல்லாப் பக்கமும் இளகவேண்டும். அதென்ன ‘மீட்டிங்குக்கு முன்னாடி’? ஒரு மொழியின் விளக்கப் பக்கம் இன்று மாறினால் என்ன, நாளை மாறினால் என்ன, அந்தக் கூட்டத்துக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆடு எது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பெரும்பாக்கத்தில் பஸ் நின்றது. கதவு திறந்ததும் ஏரிப்பக்கத்துச் சேற்று வாசனையும் டீசல் புகையும் சேர்ந்து உள்ளே வந்தன, பின்னாலேயே ஏசுவடியான் வந்தார். சட்டையை நன்றாக அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். மீட்டிங்குக்காகத்தான் இருக்கும். எப்போதும் முன்சீட்டில் உட்காருகிறவர் இன்று நேராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, பையிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை எடுத்து நீட்டினார், மார்த்தாண்டத்திலிருந்து மச்சினன் கொண்டுவந்ததாம். பார், உடனே அவள் மனம் இவர் பக்கம் திரும்பிவிட்டது. இன்றைக்குப் பார்த்து ஏன் சிப்ஸ்? இவருக்கு விஷயம் தெரியுமா, பக்கத்தை நான் மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னார்களா, மாற்றாதே என்று கேட்கப்போகிறாரா? ஒரு சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டு, தேங்காயெண்ணெய் மணம் நாக்கில் பரவ, அவள் காத்திருந்தாள். அவர் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார், மகள் பத்தாம் வகுப்பு போவதைப் பற்றிப் பேசினார். பேச்சு போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் என்ன, எனக்க மண்டையில இருந்தா எழுதினேன்? அந்த மொழிக்காரனுவ பக்கத்துல கெடந்தத அப்பிடியே எடுத்துப் போட்டேன். மீட்டிங்குல அந்தப் பக்கத்தத் தொறந்து காட்டிருவேன் வடிவு. எனக்க கையில அது ஒண்ணுதான் உண்டு.”

அவள் தலையாட்டினாள். வாயிலிருந்த சிப்ஸ் மண்ணாகிவிட்டது. அவர் சொல்லி முடித்த நிம்மதியில் கண்ணை மூடிக்கொண்டார், சோழிங்கநல்லூர் சிக்னல் வருவதற்குள் தூங்கியும்விட்டார்.

அப்படியா சங்கதி. இப்போதுதான் கும்பிட்ட கை எங்கே நீளுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கிருபாகரனுக்கு அந்த எடுத்துக்காட்டு தெரியும், ஏசுவடியான் அதைத்தான் காட்டுவார் என்றும் தெரியும். வடிவு தன் திருத்தத்தை வெளியிடும் பொத்தானை அமுக்கிவிட்டால் அவர் திறக்கும் பக்கத்தில் பழைய எடுத்துக்காட்டு இருக்காது. ‘மூடும்போது வரும் பிழையைக் கட்டாயம் சோதிக்கவேண்டும், சோதிக்காவிட்டால் எழுதியது தொலைந்துபோகலாம்’ என்று வடிவு வார்த்தை வார்த்தையாகச் செதுக்கிய வரி இருக்கும். இவ்வளவு தெளிவாகப் போட்டிருக்கிறார்களே, படிக்கவில்லையா என்று ஒரே கேள்வி. அண்ணாச்சி எதிர்த்துப் பேசத் தெரியாதவர். முன்னால் இப்படி இல்லை என்பார், எங்கே காட்டுங்கள் என்பார்கள். பழையதைத் தோண்டியெடுக்க வழி இருக்கிறது, ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க அதை யார் தோண்டுவது? அண்ணாச்சியின் நிரலைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது கிருபாகரன் என்பதும் அதோடு அமுங்கிப்போகும். அவள் எழுதியதிலேயே நல்ல பக்கம் இது. இதற்காக எத்தனை பேரிடம் வாதாடி, எத்தனை முறை மாற்றி மாற்றி எழுதி. அதை எடுத்து ஒரு மனிதனின் கழுத்தில் கத்தியாக வைக்கப்போகிறார்கள், பிடியில் அவள் பெயர் இருக்கும். இல்லை, ஒருவேளை இதுவும் என் கற்பனையோ, இதுவும் பிரியாணியோ? கேட்டுவிடலாமா? கிருபாகரனிடம் கேட்டால் சிரிப்பார். அண்ணாச்சியை எழுப்பிச் சொன்னால், அவர் முதலில் கேட்பது என்னவாக இருக்கும்? மாற்றுவது நீயா என்றுதான். சிப்ஸை வாங்கித் தின்றுகொண்டே சொல்லாமல் இருந்தாயே என்பார், அல்லது சொல்லாமல் நினைப்பார், அது இன்னும் மோசம்.

தள்ளிப்போடலாம். அதுதான் சுலபம். நெட் கிடைக்கவில்லை சார், ஒப்புதல் வரவில்லை சார். ஆனால் ஒப்புதல் வந்துவிட்டது. அந்த மொழிக்காரர்கள் எதையும் பொதுவிலேயே செய்வார்கள், யார் எப்போது சரி சொன்னார்கள் என்று யாரும் போய்ப் பார்க்கலாம், கிருபாகரன் பார்த்திருப்பார். திருத்தத்தை நாளைக்குச் சேர்த்தால்? இன்றைக்கும் நாளைக்கும் நடுவில் எந்த ஊரிலோ எவனோ அந்த எடுத்துக்காட்டை அள்ளிக்கொண்டு போவான், இந்த முறை மாம்பழமாக இல்லாமல் மருந்தாக இருக்கும். தவறு என்று தெரிந்த பக்கத்தைத் தெரிந்தே ஒரு நாள் விட்டுவைப்பதா? ஒரு நாள்தானே. ஒரு நாள்தான் என்று விட்டுவிட்டுத்தான் அது இத்தனை வருஷம் கிடந்தது. பஸ் சிக்னலில் நின்று, நகர்ந்து, மெட்ரோத் தடுப்புத் தகரங்களை உரசுவதுபோல் ஊர்ந்தது. ஒரு கிரேன் எதையோ தூக்கிக்கொண்டு நின்றது, தூக்கியதை வைக்க இடம் இல்லாமல் அப்படியே நின்றது. சேர்த்தால் இவர் போவார், சேர்க்காவிட்டால் யாரோ போவான். முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் அதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டது அவள் மனம். முன்சீட்டுக்காரன் போட்டிருந்த சென்ட் தலையை வலிக்கவைத்தது. அவளுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, தூங்குகிற அண்ணாச்சி மேலும் வந்தது, ஒட்டுவதற்கு முன் ஒருமுறை யோசித்திருக்கக்கூடாதா மனிதர் என்று. பிறகு அந்த நினைப்புத்தான் கிருபாகரனுக்கு வேண்டிய நினைப்பு என்று தோன்றி வெட்கமாக இருந்தது.

யோசனை எங்கே தட்டியது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கம் இனி எப்படி இருக்கும் என்று எழுதிவிட்டோம், இதுவரை எப்படி இருந்தது என்று ஏன் எழுதவில்லை? எழுதமாட்டார்கள், அதுதான் அங்கே வழக்கம். விளக்கப் பக்கம் இன்றைய நிலவரத்தைத்தான் சொல்லவேண்டும், பழங்கதை பேசக்கூடாது. பழையதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுப் புதியதை என்றைக்கும் அங்கேயே இருந்ததுபோல வைத்துவிடவேண்டும். அவள் லேப்டாப்பை மடியில் திறந்தாள், போனிலிருந்து நெட்டை இழுத்தாள், பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘சில பழைய எடுத்துக்காட்டுகளில் இந்தச் சோதனை இல்லாமல் இருந்திருக்கலாம்.’ ஒரு எழுத்து மாறினாலும் ஒப்புதலை மறுபடி வாங்கவேண்டும். ஒப்புதல் தரவேண்டியவள் பெட்ரா என்று ஒருத்தி, வேறு ஏதோ தேசம், முகம் பார்த்ததில்லை. கல்நெஞ்சுக்காரி. வடிவின் கமாவைக்கூடத் திருப்பி அனுப்பியவள். இவளும் பழையதை மூடிமறைக்கிற கூட்டம்தான், இவளா விடுவாள் என்று நினைத்துக்கொண்டே வடிவு அனுப்பினாள். பெட்ரா எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. நாவலூர் வந்துவிட்டது. பக்கத்தில் ஏசுவடியானின் தலை மெல்லச் சரிந்து அவள் தோளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பழையதைப் பற்றி இங்கே எதற்கு என்று கேட்டிருந்தாள் பெட்ரா. மொழியின் புதுப் பதிப்போடு வரும் வெளியீட்டுக் குறிப்பில் போட்டால் போதாதா? வடிவு தட்டினாள், விரல் வழுக்கியது. தப்பாக எழுதியவர்கள் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்கமாட்டார்கள், தாங்கள் சரியாக எழுதியதாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நாம் சொன்னபடிதானே எழுதினார்கள். அனுப்பிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ‘நாம்’ என்று போட்டது அதிகப்படியோ? இவள் யாரையாவது காப்பாற்றுகிறாளோ, அந்த எடுத்துக்காட்டை எழுதியவன் இவளுக்கு வேண்டியவனோ? பதில் வந்தது. ‘உன் வரி சரியில்லை. “சில” என்றால் யாருடையது? “இருந்திருக்கலாம்” என்றால் இருந்ததா இல்லையா? இருந்தது என்றால் இருந்தது என்று எழுது. அடியில் ஒளிக்காதே, தலைப்புக்கு அடுத்து வை.’

வடிவு அதை மறுபடி படித்தாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கொஞ்சம் கலங்கியது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டு, மழுப்பி எழுதியது தான்தானா? பக்கத்தின் உச்சிக்குப் போய் எழுதினாள்: ‘இந்தப் பக்கத்தில் இதுவரை இருந்த எடுத்துக்காட்டு, ஃபைலை மூடும்போது வரும் பிழையைச் சோதிக்கவில்லை. அது எங்கள் தவறு. அதைப் பார்த்து எழுதிய நிரல்களில் தகவல் தொலைந்துபோகக்கூடும், அவற்றைத் திருத்துங்கள்.’ பெட்ராவின் சரி வந்தது, ஒரே சொல்லில். வடிவு பொத்தானை அமுக்கினாள். பச்சையாக ஒரு வட்டம் சுற்றியது, முடிந்தது என்று காட்டியது. அவள் நம்பவில்லை. போனில் அந்தப் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, வரி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

சிறுசேரி வளைவில் அவரைத் தட்டி எழுப்பினாள். “அண்ணாச்சி, அந்தப் பக்கத்த இப்பவே ஒரு மட்டம் தொறந்து பாருங்க.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். இறங்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள், அவர் எழுந்திருக்கவில்லை, மேலே தள்ளி மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இது எப்பம் வந்து? ஆரு போட்டா?” என்று அவர் கேட்டபோது அவள் போன் அடித்தது. கிருபாகரன். குரலிலும் கும்பிட்டார். லைவ் ஆகிவிட்டதா என்று கேட்டார், ஆகிவிட்டது சார் என்றாள். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சூப்பர், சூப்பர் என்றார்.

“அந்தப் பேஜைத்தான் மீட்டிங்ல பெரிய ஸ்கிரீன்ல போடப்போறேன். ஏசுவடியானையே விட்டு எல்லாருக்கும் சத்தமா படிக்கச் சொல்லலாம்னு இருக்கேன். பேர் எதுவும் சொல்ல வேணாம், ஒரு லேர்னிங்கா இருக்கட்டும். என்ன சொல்றீங்க?”

வடிவு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் இன்னும் அந்த வரியில்தான் இருந்தார்.

“நல்ல யோசனை சார்,” என்றாள். “முதல் வரியிலேருந்தே படிக்கச் சொல்லுங்க.”